பிரின்சிபாலின் பை டூ காபி

எங்கள் பிரின்சிபால் சந்தானத்துக்கு எய்ட்ஸைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. தொட்டால் பரவாது, டம்ளரால் பரவாது, கொசுவால் பரவாது என்று நான் பிள்ளைகளுக்கு நடத்தியபோது முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர். ஆனால் தெரிவது வேறு, துணிவது வேறு.

தொண்ணூற்றேழில் ஹெச்ஐவி உள்ள ஒருவரையே கல்லூரிக்குப் பேச அழைத்தேன். சிவாஜிநகர் மௌரீன். அதுவரை எந்த மேடையும் ஏறாதவள். "நோரா மிஸ், யாராவது மூஞ்சி சுளிச்சாங்கன்னா வாயே தொறக்க மாட்டேன், நேரா வீட்டுக்குத்தான்" என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டாள். 

பேச வேண்டிய நாளன்று காலை அண்ணன் க்ளென்னின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பட்டுப்புடவையும் பூசினாற்போன்ற உடம்புமாக லட்சணமாக இருந்தாள். க்ளென்தான் ஒட்டடைக்குச்சி. வழியில் தின்ற புழுதிக்கு இருமிக்கொண்டே வந்தார். சந்தானம் ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டார். நான் அறிமுகம் செய்யப் போனால், "தெரியும்மா, தெரியும்" என்று கையமர்த்தினார். சரி, நல்லதாகப் போயிற்று என்று மைக்கைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தால், க்ளென் வராந்தாவில் தனி நாற்காலியில் இருக்கிறார். பிரின்சிபால் அறைக்குள், சந்தானத்தின் கணக்கில், மௌரீன் டாக்டரம்மா ஆகிவிட்டிருந்தாள். சந்தானம் அவளிடம் தன் முழங்கால் வலியை ஒப்பித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி பை டூ காபி வந்திருந்தது. அதாவது ஒரு காபியை இரண்டு டம்ளரில் பங்கிட்டுக் குடிப்பது. மௌரீன் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியில் பாதியை அவருக்கு ஊற்றினாள். டாக்டர் கைக்காபி ஆயிற்றே, அவர் சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அவளோ வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. நான் சந்தானத்தைத் திருத்துவதற்குள் மணி அடித்துவிட்டது.

மேடையில் சந்தானம், "இப்போது திரு. க்ளென் தன் நோயைப் பற்றி..." என்று ஆரம்பித்தார்.

கீழே முன்வரிசையிலிருந்து க்ளென் எழுந்தார். "எனக்கு டஸ்ட் ஒத்துக்காது, அவ்ளோதான் சார்."

மௌரீன் மைக்கை வாங்கினாள். "ஹெச்ஐவி எனக்குத்தான் சார்."

சந்தானத்தின் கை தானாக உதட்டைத் துடைக்கப் போனது. அவள் அதைப் பார்த்தாள். மைக்கை என்னிடம் நீட்டினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து கேன்டீன் கோவிந்தப்பா அடுத்த பை டூவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சந்தானம் காபியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், வேர்த்துக் கொட்டியது. பிறகு முழு டம்ளரை அவளிடம் நீட்டினார். "மேடம், ஒரு வாய் குடிச்சிட்டு சக்கரை சரியான்னு சொல்லுங்க. மீதி எனக்கு."

அவள் குடித்தாள். "சரியா இருக்கு சார். ஆனா உங்க பங்க எங்கண்ணனுக்குக் குடுத்துடுங்க. காலைலேர்ந்து எனக்கு வரவேண்டியத எல்லாம் அவருதான் வாங்கிக்கிட்டாரு."

சந்தானம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். தன் கையாலேயே டம்ளரை க்ளென்னிடம் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மௌரீன் என்னிடமிருந்து மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.