குளிர்ந்த கரைசல்

நான் தப்பு செய்திருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் மனதார வேண்டிக்கொண்டேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஆறு மாதமாக அவன் கால் அவன் பேச்சைக் கேட்பதில்லை. செருப்பு நழுவி விழுந்தாலும் தெரியாமல் போய்க்கொண்டே இருப்பான். வீட்டில் எல்லோரும் கேலி செய்தோம். போன மாதம் ஏணியிலிருந்து விழுந்தான், கேலி நின்றது. அவன் தோலில் பொட்டளவு எடுத்து, நான் வேலை பார்க்கும் ஆய்வகத்திலேயே செல்களை வளர்த்தோம். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆளின் செல் வேண்டும். அதற்காக நாங்கள் வெளியே அலைவதில்லை, லேபில் இருக்கும் எங்களில் ஒருவர் தோலைக் கொடுத்துவிடுவோம். இந்த முறை நான் கொடுத்தேன்.

செல்லுக்குள் நுண்குழாய்கள் உண்டு. செல்லை நிமிர்த்தி வைப்பவை அவைதான்; நரம்புக்குள் சரக்கு போவதும் அவற்றின் மேல்தான். வேண்டாத குழாயை வெட்டும் புரதத்துக்கு எங்கள் லேபில் 'கத்தரி' என்று பெயர். அதை அடக்கி வைக்கும் புரதத்துக்கு 'மாமியார்'. மாமியார் இல்லையென்றால் கத்தரி கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளிவிடும்.

செல்களைக் கரைசலில் கழுவி நுண்ணோக்கியில் வைத்தேன். அண்ணனின் செல்களில் குழாய்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. என்னுடையவற்றிலும் அப்படியே.

லேபின் தலைவியான டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னா கழுவினதுலதான் கோளாறு. கரைசலை ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்து அப்படியே ஊத்திட்டியா?"

குளிர் பட்டால் இந்தக் குழாய்கள் உதிர்ந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு அது. எனக்குப் பன்னிரண்டு வருட அனுபவம்.

"ஊத்திட்டேன் போலிருக்கு, மேடம்" என்று அசடு வழிந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. உடனே அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "உனக்கு ஒண்ணும் இருக்காதுண்ணா. நான்தான் சொதப்பிட்டேன்."

"நீ சொதப்பாம இருந்தாத்தான் அதிசயம்" என்றான்.

மறுபடி செய்தோம். கரைசலை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, வெப்பமானியில் இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கழுவினேன். மூன்றாவதாக டாக்டரம்மா தன் செல்களையும் வைத்தார்.

அவருடைய செல்களில் குழாய்கள் விளிம்புவரை நீளமாக ஓடின. மற்ற இரண்டிலும் துண்டுகள். அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை.

நாளை வேலைக்குத் திரும்பலாமா என்று கேட்க அண்ணன் கீழே வாசலில் காத்திருந்தான். லேப் ஷூவைக் கழற்றிச் செருப்பை மாட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். அவனிடம் எப்படிச் சொல்வது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. பிறகு என் காலைப் பார்த்தான்.

"ஏய், என்னை நக்கல் பண்றியா?" என்று சிரித்தான். "இன்னொரு செருப்பு எங்க?"