மாதாமாதம் விரிக்கும் பாய்

அம்மாவின் தலைமுடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அகெனெட் பாதியில் நிமிர்ந்து பார்த்தாள். தங்கை கினாயைக் காணவில்லை. சின்ன மகள் வந்து அம்மாவின் கன்னத்தை முகர்ந்து விடைகொடுத்த பிறகுதான் சவப்பெட்டியை மூட வேண்டும். வெளியே ஆண்கள் பவளக்கல் தரையைத் தோண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எண்ணெய்க் கையை இடுப்பில் சுற்றியிருந்த பாவாடைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பன்றிக் கொட்டகை, ஈரப்பலா மரத்தடி, பக்கத்து வீட்டு மேடை என்று எல்லா இடமும் தேடிவிட்டுக் கடைசியில் கடலோரம் போனாள். கடல் வற்றத் தொடங்கியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் கினாய் உட்கார்ந்திருந்தாள். புதைக்கும் நேரத்தில் குளியல் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அகெனெட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்திரிடி! உள்ள அத்தனை பேர் காத்துட்டிருக்காங்க, நீ இங்க வந்து மீன் புடிக்கிறியா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"தண்ணியில இருந்தா நிக்குது. வெளிய வந்தா மறுபடி வருது."

அகெனெட் கரையில் கறையோடு கிடந்த துணியைப் பார்த்தாள். என்னவென்று புரிய அவளுக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. அட கடவுளே, இன்றைக்கா என்று நினைத்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அடி பைத்தியம், இதுக்கா?"

"அக்கா, நானும் அம்மா மாதிரிதான் போகப்போறேன். அப்பாகிட்ட சொல்லாத. இன்னிக்கு ஒருநாளாவது சொல்லாத."

அகெனெட் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

தங்கையை அந்தத் துணியாலேயே சுற்றி வீட்டுக்குக் கூட்டிவருவதற்குள் ரபுவேனா அத்தை எதிரே வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. கணவன் போய்ப் பல வருடம் ஆகியும் ஊரில் எந்தக் கூத்தும் அவள் இல்லாமல் நடக்காது. துணியையும் கினாயின் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ஏ பொண்ணுங்களா! சின்னவ பெரியவளாயிட்டா! அவ அம்மா தெபோரா போற நேரத்துல பொண்ணுக்கு கொடுத்துட்டுப் போயிருக்கா, பாருங்க!"

உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையோடு அழுகையாகச் சிரித்தார்கள். யாரோ பூமாலை கட்ட ஓடினார்கள். முதல் ரத்தம் வந்த பெண் மூன்று நாள் முதுகு வளையாமல் உட்கார்ந்து பாய் முடைய வேண்டும்; அந்த மூன்று நாளில் எப்படி இருக்கிறாளோ அப்படித்தான் ஆயுசுக்கும் இருப்பாள். சாவு வீடு என்பதற்காக ரத்தம் காத்திருக்குமா? மூலையில் புதுப்பாயை விரித்து, சீவிய தாழை ஓலைக் கட்டு ஒன்றையும் வைத்துவிட்டார்கள்.

அத்தை மாலையைத் தூக்கியதும் கினாய் வீட்டுத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்! அம்மாவுக்கும் இப்படித்தான வச்சீங்க!"

மறுபடியும் வெளியே தோண்டும் சத்தம் மட்டும்.

அவள் சொன்னது உண்மை. தெபோராவுக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் கழித்து, போன வருடம் மறுபடியும் ரத்தம் வந்தது. இதே அத்தைதான், 'என் தம்பி பொண்டாட்டி திரும்பக் குமரியாயிட்டா' என்று ஊரைக் கூட்டினாள். தெபோராவை மூலையில் உட்காரவைத்து எண்ணெய் பூசி, மாலை போட்டு, ஆடிப் பாடி அமர்க்களப்படுத்தினார்கள். அப்பா பன்றி அடித்தார். அம்மாவும் சின்னப்பெண் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வெட்கப்படுவதுபோல் நடித்து எல்லோரையும் சிரிக்கவைத்தாள். அகெனெட்டும் வயிறு வலிக்கச் சிரித்தாள். ரத்தம் நிற்கவில்லை. அம்மா உருகிப்போய், ஆஸ்பத்திரி இருக்கும் தாராவாத் தீவுக்குப் படகேறியபோது அவளைத் தூக்க ஒரு கை போதுமாக இருந்தது.

"அது வேற, இது வேறடி," என்றாள் அத்தை.

"எப்படி வேற? சொல்லுங்க."

அத்தை அகெனெட்டைப் பார்த்தாள். அகெனெட் யாரைப் பார்ப்பாள்? இரண்டு பிள்ளை பெற்றவள்தான். ஆனால் மாதாமாதம் ஏன் வருகிறது, ஏன் நிற்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. ஒருவேளை இதுவும் அதுதானோ என்ற பயம் இப்போது அவளுக்கும் வந்தது. தங்கையின் ஈரத்தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"வேறதான்."

சொன்னது அப்பா. குழி தோண்டிய கையோடு, உடம்பெல்லாம் வெள்ளைப்பொடியாக இயோடேபா வாசலில் நின்றிருந்தார். இந்தப் பேச்சு வந்தால் ஆண்கள் எழுந்து போய்விடுவதுதான் வழக்கம். அவர் போகவில்லை. பெண்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தபடி பேசினார்.

"தாராவா டாக்டரம்மா சொல்லுச்சு. உள்ள பிள்ளை வந்து தங்குறதுக்கு மாசாமாசம் ஒரு பாய் விரிக்குமாம். பிள்ளை வரலைன்னா அந்தப் பாயை உருவி வெளிய போட்டுட்டு, புதுசு விரிக்குமாம். அந்தப் பாய்தான் இந்த ரத்தம். கினாய்க்கு முதல் பாய் இப்பத்தான் விரிச்சிருக்கு. அதுல பயமில்ல."

"தம்பி, ஆம்பள பேசுற பேச்சா இது?"

"நான் பேசாம இருந்து என்ன ஆச்சுக்கா?" கையில் ஒட்டிய வெள்ளைப்பொடியைத் தேய்த்தார். "வயசானா பாய் விரிக்கிறது நின்னுடும். ஒரு வருஷம் நின்ன அப்புறம் ரத்தம் வந்தா அது பாய் இல்ல. என்னான்னு உடனே பாக்கணும். 'எப்ப வந்துச்சு, வந்த உடனே என்ன செஞ்சீங்க'ன்னு அந்தம்மா கேட்டுச்சு. பன்னி அடிச்சோம்னு சொன்னேன். என் வாயால சொன்னேன்."

ஒரு கிழவி முக்காட்டுக்குள் மெல்ல அழ ஆரம்பித்தாள்.

அத்தை கையிலிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நின்ன அப்புறம் வந்தா எல்லாருக்கும் அதுதானா?"

"இல்லையாம். பலருக்கு ஒண்ணுமே இருக்காதாம். ஆனா சீக்கிரம் காட்டணுமாம். சீக்கிரம் காட்டுனா வைத்தியம் இருக்காம்."

கினாய் தூணை விட்டாள். "அப்பா, வலிக்குதே."

இயோடேபா தலையைச் சொறிந்தார். "அதை நான் கேக்கலைம்மா."

"எனக்கும் வலிக்கும்," என்றாள் அகெனெட். தனக்குத் தெரிந்த ஒன்றாவது இருக்கிறதே என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது. "முதல்ல கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். அப்புறம் விட்டுடும். கல்லைச் சுட வச்சுத் துணியில சுத்தித் தரேன்."

கினாய் அம்மாவிடம் போனாள். குனிந்து கன்னத்தில் மூக்கை வைத்து வெகுநேரம் முகர்ந்தாள். பெட்டியை மூடினார்கள்.

புதைத்துவிட்டு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சோறும் டின் மாட்டிறைச்சியும் பரிமாறினார்கள். கினாய் சாப்பிடவில்லை. யாரும் சொல்லாமலே மூலைக்குப் போய், சூட்டுக்கல்லை வயிற்றில் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து ஓலையைக் கையில் எடுத்தாள். மாலை வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அகெனெட் அவள் முதுகோடு தன் முதுகைச் சேர்த்து உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் சாய்ந்துகொள்ள வாகாக இருந்தது.

அத்தை வந்து நின்றாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அகெனெட், தாராவா படகு எப்ப?"

"ஞாயிறு தாண்டி வரும். ஏன் அத்தை, யாராச்சும் போறாங்களா?"

அத்தை பாவாடை முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் இடுப்பில் இரண்டு பாவாடை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருந்ததை அகெனெட் அப்போதுதான் பார்த்தாள். இந்த வெக்கையில்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் அகெனெட்.

"தெபோரா படுத்ததுலேர்ந்து எனக்கும் வருது. ஊரு சிரிக்குமேன்னு..."

அகெனெட்டின் முதுகுக்குப் பின்னால் ஓலை அசைவது நின்றது. கினாய் பாதி முடைந்த பாயை மடிமேல் இழுத்துக்கொண்டு, சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

அத்தை உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தித்தான் உட்கார்ந்தாள்.