ஏழு பேருடைய பயம்

சுந்தரவல்லி காலை நாலே முக்காலுக்கு எழுவாள். பால் டிப்போவில் கார்டைக் காட்டி இரண்டு பாட்டில் வாங்கி வருவாள். ஸ்டவ்வைப் பற்றவைத்து ஒன்பது டம்ளர் காபி கலப்பாள். ஊறிய கொண்டைக்கடலையைத் தண்ணீர் இறுத்து வைப்பாள். ஐந்தே காலுக்குக் கபடி டீமின் ஏழு பேரும் வந்து காபி குடித்ததும், ஒவ்வொருவருடைய பயத்தையும் வாங்கி டால்டா டின்னில் போட்டு மூடி, சமையலறைப் பரணில் ஏற்றுவாள். பிறகு குளிக்கப் போவாள்.

அவர்கள் குடியிருந்தது டில்லி லோதி ரோட்டில், சர்க்கார் குவார்ட்டர்ஸின் இரண்டாம் மாடியில். கணவன் ராஜகோபாலன் அப்பர் டிவிஷன் கிளார்க். கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. படித்தபோது காலேஜ் டீமில் ஆடியவன். ஆபீஸ் கபடி டீமுக்கு அவனே கோச். பியூன், ஃபைல் கட்டும் தஃப்தரி, கிளார்க் என்று கையில் கிடைத்தவர்களைச் சேர்த்திருந்தான். லோதி கார்டனில் சுல்தான்களின் கல்லறைகளைச் சுற்றி ஆறு சுற்று ஓட்டம். உட்கார்ந்து உட்கார்ந்து எழும் பைட்டக் இருநூறு. ஒருவனை ஒருவன் முதுகில் சுமந்து இரண்டு மாடி ஏறி இறங்க வேண்டும். மூச்சு விடாமல் பாடிக்கொண்டு முதலில் இரண்டு விளக்குக் கம்பம் தூரம், ஒரு மாதம் கழித்து மூன்று, பிறகு நாலு. உடம்பு நாலு மாதத்தில் படிந்தது. மனசு படியவில்லை. பயிற்சியில் நாற்பது வினாடி நின்ற மூச்சு, ஆட்டத்தில் இருபதில் அறுந்தது. மீதி இருபதைப் பயம் இழுத்துக்கொண்டது என்று ராஜகோபாலன் கணக்குப் போட்டான். கண்ணை மூடி அரை மணி உட்காரச் சொன்னான். மூன்று பேர் தூங்கிப் போனார்கள்.

எழுபத்து நாலு நவம்பரில் ஓர் ஆட்டத்தன்று காத்தவராயன் சமையலறை வாசலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முந்தின வருஷம் முட்டி கழன்றவன். "முட்டிய நெனச்சாலே கழலுதும்மா, எழுந்திரிக்க வரல" என்றான். சுந்தரவல்லி சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே, "அதை இங்க வெச்சுட்டுப் போங்களேன், யாரும் எடுத்துக்க மாட்டா" என்றாள். அவன் அதை வைத்தான். ஒரு எலுமிச்சை அளவு புளி போல, கறுப்பாக, தொட்டால் சில்லென்று இருந்தது. அவள் நியூஸ் பேப்பரில் மடித்து டின்னுக்குள் போட்டாள். அன்று காத்தவராயன் பதினாலு பாயிண்ட் எடுத்தான்.

அடுத்த வாரம் ஏழு பேரும் வரிசையில் நின்றார்கள். பச்சைமுத்துவின் பயம், ஊரிலிருந்து தந்தி வந்துவிடும் என்பது. அது ஈரக் கம்பளி நாற்றம் அடித்தது. மாசிலாமணிக்கு எதிரணிக்காரன் பின்னாலிருந்து கணுக்காலைப் பிடித்துவிடுவான் என்று. "செக்‌ஷன் ஆபீசரப் பாத்தாலும் எனக்கு நடுக்கம்தான் மாமி, அதையும் வெச்சுக்கறீங்களா?" என்று கேட்டான். "அது ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லே. நீங்களே பத்திரமா வெச்சுக்கோங்கோ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள். சாயங்காலம் வந்து அவரவருடையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அடுத்தவர் பயத்தோடு அவள் படுத்துக்கொள்ள மாட்டாள். அவர்களும் தவறாமல் வந்து எடுத்துக்கொண்டு, சைக்கிளில் கோல் மார்க்கெட் பக்கமும் முனிர்கா பக்கமுமாகப் பிரிந்து போனார்கள். இப்படி இரண்டு வருஷம் நடந்தது. டீம் முதல் வருஷம் கால் இறுதிக்குப் போனது, இரண்டாம் வருஷம் அரை இறுதிக்கு.

எழுபத்தேழு ஜனவரியில் ஃபைனலுக்கு வந்தபோது ராஜகோபாலன் ஒரு முடிவு எடுத்தான். தினம் சாயங்காலம் பயத்தை எடுத்துப் போவதும் காலையில் கொண்டுவந்து கொடுப்பதுமாக இருந்தால் மூச்சு குலைகிறது. ஃபைனல்வரை யாருக்கும் எதுவும் திருப்பித் தர வேண்டாம் என்றான்.

"மூணு வாரமா?" என்றாள் சுந்தரவல்லி.

"மூணே வாரம்தான்."

"சரி."

ஐந்தாம் நாள் அவள் சமையலறை நிலைப்படியைத் தாண்ட மறுத்தாள். தரையில் எங்கே கோடு தெரிந்தாலும் அதன் முன்னால் நின்றுவிட்டாள். யாராவது பின்னால் வந்தால் குனிந்து கணுக்கால்களைப் புடவையால் மூடிக்கொண்டாள். தெருவில் பஸ் கண்டக்டர் விசில் ஊதினால் அவளுக்கு மூச்சு நின்று, கொஞ்ச நேரம் கழித்து வந்தது. ஒன்பதாம் நாள், எங்கும் இடித்துக்கொள்ளாமலே இடது முட்டி வீங்கியது. தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் பஞ்சு ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதற்குள் போனாள். டிஸ்பென்சரி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று பி-காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்தார். பதினாலாம் நாள் காலை ராஜகோபாலன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, "முடியலேன்னா சொல்லு, இன்னிக்கே எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடறேன்" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "ஜெயிச்சுட்டு வாங்கோ" என்றாள். அவன் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டான். இன்னொரு லேஸையும் கட்டினான்.

ஃபைனலில் எதிரணி முழுக்க ஹரியானாப் பையன்கள், தொடை கனத்தில் கழுத்து. அவர்களுடைய கேப்டன், "க்யா மதராஸி, இட்லி மே தம் ஹை?" என்று கேட்டான். இட்லி தின்று மூச்சுப் பிடிக்க முடியுமா என்று அர்த்தம். பச்சைமுத்து அவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். முப்பத்துமூன்றுக்கு இருபத்தொன்று. ஏழு பேரும் மாலையைக் கழற்றாமலே பஸ் பிடித்து லோதி ரோட்டுக்கு வந்தார்கள், பயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள. பரணிலிருந்து டின்னை இறக்கினார்கள். மூடியைத் திறந்தால் பழைய பேப்பர் மட்டும் இருந்தது.

அவள் கயிற்றுக் கட்டிலில் இரண்டு ரஜாய்க்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தாள். காத்தவராயன் காலடியில் உட்கார்ந்தான். பச்சைமுத்து இரண்டு கையையும் ஏந்தி, "குடுத்துடுங்கம்மா, எங்களோடது எங்களுக்கே இருக்கட்டும்" என்று அழுதான். அவள் கண்ணை மூடித் தனக்குள் வெகுநேரம் தேடினாள். "எது யாரோடதுன்னு தெரியலே பச்சைமுத்து. எல்லாம் கலந்துடுத்து" என்றாள். அவர்கள் அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும். ஒன்பதாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் இறந்தாள். வயது இருபத்தாறு.

அடுத்த வருஷம் டீம் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. பயமில்லாதவன் எதிரணியின் கடைசிக் கோடுவரை பாடிக்கொண்டு போகிறான், திரும்புவதில்லை. திரும்பி ஓடிவந்து கோட்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் பயம் வேண்டும் என்பது ராஜகோபாலனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பச்சைமுத்து எந்தப் பக்கமும் பார்க்காமல் ரோட்டைத் தாண்டி பஸ்ஸில் அடிபட்டு ஆறு மாதம் கிடந்தான். காத்தவராயன் கழன்ற முட்டியோடு ஆடி ஆடி, கடைசியில் கம்பு ஊன்றினான். மாசிலாமணிக்குச் செக்‌ஷன் ஆபீசரிடம் நடுக்கம் மிச்சமிருந்தது. அவன் ஒருவன்தான் பிரமோஷன் வாங்கினான். எழுபத்தொன்பதில் டீமைக் கலைத்தார்கள். எண்பத்திரண்டில் ஆசிய விளையாட்டுக்காகப் பக்கத்திலேயே பெரிய ஸ்டேடியம் எழுந்தது. ராஜகோபாலன் அதன் வெளிச்சுவரை ஒட்டி ஆபீசுக்கு நடந்து போனான். உள்ளே போகவில்லை.

அவனிடமும் பயம் இல்லை. சந்தோஷமும் துக்கமும் அதை ஒட்டியே இருந்தன போலும், அவையும் இல்லை. குவார்ட்டர்ஸில் இது எல்லாருக்கும் தெரியும், யாரும் ஆச்சரியப்படுவதில்லை. தந்தி வந்தால் பிரித்துப் படிக்க அவனைக் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் உடம்பை அடையாளம் காட்ட அவனை அனுப்புவார்கள். அவன் போய்க் காட்டிவிட்டு வந்து சாதம் வடிப்பான். கோச்சுக்குப் பயம் என்பதே கிடையாது, ஒருநாளும் டின் கேட்டதில்லை என்று டீமில் பழைய ஆட்கள் சொல்வார்கள். கேட்டதில்லை என்பது சரி.

அவள் கடைசியில் நாராயணா என்றாள் என்று மாடி வீட்டு மீனாக்ஷி மாமி சொல்கிறாள். ஸ்கோர் எவ்வளவு என்று கேட்டதாகக் காத்தவராயன் சொல்கிறான். இரண்டு பேரும் அப்போது அங்கே இல்லை. அன்று மத்தியானம் ராஜகோபாலன் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, "எனக்குப் பயமா இருக்கு வல்லி" என்றான். அவள் ரஜாய்க்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள்.

"அதையும் குடுங்கோ. இடம் இருக்கு."