நல்ல கேள்வி

"மெம்பர் சார், உங்க வார்டுல குப்பை வண்டி ஏன் வர்றதே இல்லை?" என்று கேட்டு, மனைவி டிவி ரிமோட்டை அவருடைய வாயருகே நீட்டினாள்.

"நல்ல கேள்வி," என்றார் மெம்பர். சாப்பாட்டு மேசை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேலே கோட்டும் டையும். கீழே வீட்டில் போடும் அரைக்கால் சட்டை. டிவியில் மேசைக்கு மேலே இருக்கும் மனிதனைத்தான் காட்டுவார்கள் என்பதால் ஒத்திகையும் அந்த அளவோடு நின்றுவிடும். "குப்பை என்பது ஒரு தனிமனிதரின் பிரச்சினை அல்ல..."

"கை," என்றாள் அவள்.

அவர் விரல்களைக் குவித்து நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து, அங்கே ஒரு கண்ணுக்குத் தெரியாத எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டார்.

இந்த வீட்டில் ஒத்திகை இல்லாமல் எந்தப் பேட்டியும் வெளியே போனதில்லை. முதல் தேர்தலின்போது உள்ளூர் டிவிக்காரர் மைக்கை நீட்டியதும் மெம்பருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கேட்ட கேள்விக்கெல்லாம் வணக்கம் சொன்னார். ஊரே சிரித்தது. ஆனாலும் ஜெயித்தார், எதிராளி அதைவிட மோசமாகப் பேசியிருந்தார். அன்று தொடங்கிய பழக்கம் இது. பேட்டி என்று வந்தால் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு நிருபராகிவிடுவாள். சாக்கடை, தெருநாய், எரியாத விளக்கு, பட்டப்பகலில் எரியும் விளக்கு என்று ஊரில் யாரும் கேட்கத் துணியாததையெல்லாம் கேட்பாள். எந்தக் கேள்விக்கும் முதலில் "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட வேண்டும், அதைச் சொல்லி முடிப்பதற்குள் மனசு ஒரு பதிலைத் தேடிப் பிடித்துவிடும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். "அப்படி நடந்தால்?" என்று யாராவது மடக்கினால், "ஊகங்களுக்கு நான் பதில் சொல்வதில்லை" என்று நழுவும் வித்தையும் அவள் கொடுத்ததுதான். துணியை உடம்புக்குத் தக்கபடி பிடிப்பதும் தளர்ப்பதும் அவள் தொழில். பேச்சிலும் அதையே செய்தாள். என்ன, தைத்துக் கொடுத்த சட்டையை அவர் கழற்றவே மறந்துவிட்டார். இப்போதெல்லாம் உப்பு டப்பா எங்கே என்று கேட்டால்கூட அவருக்கு அது நல்ல கேள்வி.

"குப்பை போதும்," என்றார் மெம்பர். "அதைக் கேளு."

"இன்னொரு தடவை நாய் பத்திப் பாத்துடலாமே."

"அதைக் கேளும்மா."

அவள் ரிமோட்டைத் திருப்பி, பேட்டரி மூடியைச் சும்மா திறந்து மூடினாள்.

"அது" என்பது பெரிய குருவின் பேச்சு. வாராவாரம் பிரார்த்தனை மண்டபத்தில் அவர் பேசுவார். இந்த வாரம் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். "புருஷனை விட்டு வந்த மகளுக்குக் கதவைத் திறக்கிற தகப்பன், இன்னொரு குடும்பத்துக்குக் கொள்ளி வைக்கிறான். அவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள்" என்றார். அந்தத் துண்டு ஒரே நாளில் ஊரில் எல்லார் செல்போனிலும் ஏறிவிட்டது. சிலர் கொதித்தார்கள், சிலர் கும்பிட்டார்கள். மெம்பரிடம் என்ன கேட்கப் போகிறார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏனென்றால் போன தேர்தலில், பெரிய குரு மெம்பரின் தலைமேல் கை வைத்திருக்கும் படம்தான் வார்டு முழுக்க ஒட்டப்பட்டது. உண்மையில் அன்று குரு மேசைமேல் இருந்த மூக்குக் கண்ணாடியை எடுக்கத்தான் கையை நீட்டினார். நடுவில் மெம்பர் குனிந்திருந்தார். போட்டோக்காரர் கெட்டிக்காரர்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. மெம்பரின் மகளே புருஷனை விட்டு வந்து இந்த வீட்டின் பின்னறையில்தான் இருக்கிறாள். மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் இரண்டு பைகளோடு வந்து நின்றாள். மனைவி மெஷினிலிருந்து எழுந்து வருவதற்குள் கதவைத் திறந்தது மெம்பர்தான். ஏன், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. நனைந்த பைகளை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான். கட்டிக்கொண்டவரைப் பற்றி மனைவிக்கு ஒரு காலத்தில் இருந்த பெருமையெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வட்டியோடு திரும்பி வந்தது. அக்கம்பக்கத்தில் மட்டும், மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஏதோ பயிற்சிக்காக வந்திருப்பதாகச் சொல்லி வைத்தார்கள். தேர்தல் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்றார் மெம்பர். தேர்தல் முடிந்தது. அடுத்த தேர்தல் வரும் வழியில் இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கட்சிச் செயலாளர். கல்லைக் கொடுத்தாலும் பஞ்சில் சுற்றித் திருப்பிக் கொடுப்பவர் என்பதால் கட்சிக்குள் அவருக்குப் பஞ்சு என்றே பெயர்.

"அண்ணி, ஒத்திகை ஜோரா நடக்குது போல!" என்றபடி உட்கார்ந்தார். "மெம்பரே, கவலையை விடுங்க. தலைமையிலேருந்து மூணே வரி வந்திருக்கு. மனப்பாடம் பண்ணிட்டா நாளைக்கு நேரலையில தூங்கிக்கிட்டே சொல்லலாம்."

மூன்று வரியையும் கண்ணை மூடிச் சொன்னார். குருவின் மீது எனக்குள்ள மதிப்பு என்றும் மாறாதது. அவருடைய பேச்சை முழுமையாகக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும். குடும்பம் என்பது அவரவர் சொந்த விஷயம்.

"இதுல ஆமாவா, இல்லையா?" என்றாள் மனைவி.

"அதுதான் அண்ணி இதோட அழகு."

"அவர் சொன்னது சரியா தப்பான்னுதானே கேப்பாங்க."

"குரு சொன்னதுக்கு மெம்பர் எதுக்கு அண்ணி பதில் சொல்லணும்? எனக்குப் பல் பாக்கற டாக்டர் கண்டதையும் பேசறாரு. அதுக்கு நான் பொறுப்பா?"

"உங்க பல் டாக்டர் படத்தைப் போட்டு நீங்க ஓட்டு கேக்கலையே."

பஞ்சு சிரித்தார். கெட்டிக்காரக் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. "அண்ணி, அது ஆசீர்வாதம். இது கருத்து. ஆசீர்வாதம் நம்மளுது, கருத்து அவருது."

மெம்பர் இருவரையும் பார்க்காமல், உதட்டுக்குள் மூன்று வரியை ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவிக்குத் திடீரென்று உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. எத்தனை வருஷமாக இந்த ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று தோன்றியது. இதே நேரத்தில் இரண்டு பாவாடைக்கு ஓரம் அடித்திருக்கலாம். அவையாவது யாருடைய காலையாவது மறைக்கும்.

மகள் வந்தது அப்போதுதான். வேலை முடிந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. மூன்று பேரையும் பார்த்தாள், அப்பாவின் கோட்டைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"எங்க லேப்ல எல்லாரும் போன்ல அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க," என்றாள். "ரத்தம் குடுக்க வந்தவங்க உட்பட. ஒருத்தர் கை நீட்டி ஊசி குத்திக்கிட்டே, குரு சொன்னதுல என்ன தப்புன்னு என்கிட்டயே கேக்கறாரு."

"நீ என்ன சொன்னே?" என்றாள் அம்மா.

"கையை மடக்கிக்குங்கன்னேன்."

அப்புறம் அம்மாவின் கையிலிருந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டாள். "நான் கேக்கறேம்மா. நீ உக்காரு."

"பேஷ்!" என்றார் பஞ்சு. "வெளியாள் மாதிரி கேளும்மா, பாசமெல்லாம் பாக்காதே. நாளைக்கு டிவிக்காரன் பாக்க மாட்டான்."

மனைவி தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே இத்தனை மாதமாக மென்று விழுங்கிய ஏதோ ஒன்று இப்படியாவது வெளியே வரட்டும் என்று ஒரு நப்பாசை.

மகள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மெம்பர் அவர்களே, புருஷனை விட்டு வந்த மகளை வீட்டுக்குள்ள விடற அப்பா பாவின்னு உங்க குரு சொல்லியிருக்காரு. அதை நீங்க ஏத்துக்கறீங்களா?"

"நல்ல கேள்வி," என்றார் மெம்பர்.

கை தானாக நெஞ்சுக்கு நேரே வந்தது. எலுமிச்சம்பழம் அகப்பட்டது. குருவின் மீதுள்ள மதிப்பு மாறாமல் வந்தது. பேச்சை முழுமையாகக் கேட்க வேண்டியது வந்தது. குடும்பம் அவரவர் சொந்த விஷயமாகி முடிந்தது. ஓர் இடறல் இல்லை, ஓர் இருமல் இல்லை. இந்த வீட்டில் நடந்த அத்தனை ஒத்திகையிலும் இவ்வளவு சுத்தமாக அவர் பேசியதே இல்லை.

"சரி சார்," என்றாள் மகள். குரல் ஏறவில்லை. "உங்க வீட்டுலயே அப்படி ஒரு பொண்ணு வந்து நின்னா?"

"ஊகங்களுக்கு நான் பதில் சொல்வதில்லை."

பஞ்சு கை தட்டினார். மெம்பர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. கணக்குச் சரியாக வந்த பள்ளிக்கூடப் பையனின் வெளிச்சம். அது அங்கேயே சிறிது நேரம் தங்கிவிட்டதைத்தான் மனைவியால் பார்க்க முடியவில்லை. பிறகு அவர் எதிரே இருப்பது யார் என்று பார்த்தார். கை மட்டும் இன்னும் நெஞ்சுக்கு நேரே, பிடித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றது.

"நல்லா வருதுப்பா," என்றாள் மகள். ரிமோட்டை டிவிக்குப் பக்கத்தில் அதன் இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"பாப்பா, அது சும்மா..." என்று எழுந்தார் மெம்பர்.

"கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சே," என்றார் பஞ்சு. "பரவால்ல, நல்லா ஒன்றிப்போய்க் கேட்டுச்சு. அண்ணி, ஒரு வாய் தண்ணி கிடைக்குமா?"

"இந்த வீட்டுல குடிக்கலாமா?" என்றாள் மனைவி.

மகளைப் பற்றி எதுவும் தெரியாத பஞ்சு அதையும் ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தபடியே கிளம்பிப் போனார்.

மெம்பர் பின்னறை வாசலில் போய் நின்றார். கதவு பூட்டியிருக்கவில்லை, சும்மா சாத்தித்தான் இருந்தது. விரலால் தள்ளினால் திறக்கும். அவர் தள்ளவில்லை. "நாளைக்குப் பேட்டி முடியட்டும், உக்காந்து பேசலாம்," என்று கதவிடம் சொன்னார். டையைத் தளர்த்திக்கொண்டே திரும்பி வந்தார்.

பாத்திரம் கழுவும்போது மகள் அம்மாவிடம் சொன்னாள். கூட வேலை செய்யும் ஒருத்தியின் அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லியிருக்கிறாள்.

"அவரு உன்னை நினைச்சுச் சொல்லலடி. வாய்ப்பழக்கம்."

"தெரியும்மா. கதவைத் திறந்ததும் அவருதான், அதையும் நான் மறக்கல. ஆனா அதை அவரு வெளியில சொல்ற வரைக்கும் நான் இங்க ஒளிஞ்சுக்கிட்டு இருக்கற ஆளு. அவ்வளவுதானே?" தட்டைத் துடைத்து அடுக்கினாள். "நாளைக்கு என்ன சொல்றாருன்னு பாப்பேன். அதே மூணு வரின்னா, சாயங்காலம் அந்த ரூமுக்குப் போயிடறேன்."

அன்று படுக்கப் போகும்முன் மனைவி அதை அப்படியே அவரிடம் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவர் போர்வையை உதறி விரித்தார். அப்புறம், "கட்சி சீட்டு குடுக்காதும்மா," என்றார். பொய்யில்லை. குருவை ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னாலும் அடுத்த தேர்தலில் பஞ்சுவே வேட்பாளராக வந்து நிற்பார். அதுவும் அவளுக்குத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மெம்பர் தனியாகவே கிளம்பினார். ஒவ்வொரு பேட்டிக்கும் கூடவே போய்க் காலரைச் சரிசெய்கிறவள், இன்று தைக்க வேண்டிய துணி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அவரும் வற்புறுத்தவில்லை. முழுக்கால் சட்டை போட்டிருந்தார். வாசலில் ஒருமுறை திரும்பி, பின்னறைப் பக்கம் பார்த்துவிட்டுப் போனார்.

அம்மாவும் மகளும் டிவிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மகள் துணிகளைக் கொண்டுவந்து மடியில் வைத்து மடிக்கத் தொடங்கினாள். எதற்காக மடிக்கிறாள் என்று அம்மா கேட்கவில்லை. காய்ந்த துணி யார் வீட்டிலும் மடிக்கத்தான் வேண்டும்.

திரையில் மெம்பரின் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. பேட்டி எடுக்கும் இளைஞர் முகம் முழுக்கப் பவுடரோடு, ஊரைத் தானே பெற்றெடுத்தவர் போல உட்கார்ந்திருந்தார். குப்பையைக் கேட்டார், நல்ல கேள்வியாக இருந்தது. நாயைக் கேட்டார், அதுவும். பிறகு குரலைத் தாழ்த்தி, முன்னால் குனிந்து, புன்னகையைக் கழற்றி வைத்துவிட்டு அதைக் கேட்டார். கேட்டு முடித்ததும் சேர்த்துக்கொண்டார்: "நீங்களும் ஒரு மகளைப் பெத்தவர். அதனால கேக்கறேன்."

மெம்பர் வாயைத் திறந்தார்.

அம்மாவின் உதடுகள் அவளையறியாமல் "நல்ல" என்று அசைந்தன. திரையில் அந்தச் சொல் வரவில்லை. கை நெஞ்சுக்குப் பாதி தூரம் எழும்பி, மேசைமேல் விழுந்தது. அவர் இளைஞரைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், கேமராவுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல அங்கே பார்த்தார். மகள் ஒரு சட்டையின் கையை மடித்தவள் அடுத்த கையை மடிக்காமல் இருந்தாள். டிவியில் யாரும் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. டிவிக்காரர்களும் பார்த்ததில்லை போலும். பயந்துபோய் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

ஒரு குடும்பம் புது மெத்தைமேல் குதித்தது. அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். குதித்துக் குதித்துச் சிரித்தார்கள். அடுத்து ஒரு பற்பசை. இரண்டு பேரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். மேசைமேல் அம்மாவின் செல்போன் அதிர ஆரம்பித்தது. பஞ்சு. அது அதிர்ந்தபடியே மேசை ஓரம் வரை நகர்ந்து போயிற்று.

பேட்டி திரும்ப வந்தது. இளைஞர் காதுக்குள் யாரோ கத்துவதைக் கேட்டபடி, மழை வரும் வாய்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மெம்பரின் சுழல் நாற்காலி. அதில் யாரும் இல்லை. மைக் கம்பி அதன் கைப்பிடியிலிருந்து தொங்கி ஆடியது. யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல, நாற்காலி மட்டும் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.