வளைவுக்குள்ளும் நிக்கல்

முலாம் பூசும் அந்தப் பட்டறையில் அவருடைய உண்மையான பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. எல்லாருக்கும் அவர் கரண்ட் மாமாதான். முப்பது வருஷமாக மின்சாரத்தை வைத்தே இரும்புக்கு நிக்கல் சட்டை மாட்டிவிட்டவர். கரண்ட் இல்லாமல் முலாம் என்று யாராவது பேச்செடுத்தால், "அடுப்பு இல்லாம சமைக்கிறவனையும் கூட்டிட்டு வா, சேர்த்தே பார்த்துடலாம்" என்பார்.

அப்படிப் பேச்செடுத்தது வேறு யாருமில்லை, அவருடைய மச்சினி. மனைவியின் தங்கை. ரசாயனம் படித்தவள், நாற்பதைத் தாண்டியவள். இருந்த கம்பெனியை மூடிவிட்டதால், ஆறு மாதமாகப் பட்டறையின் பின்னறையில் கரைசல்களைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை இல்லாத நாள் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துணிக்குச் சாயம் போடும் ஆலையின் இன்ஜினியர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். போன மாதம் முலாம் போட்டு அனுப்பிய வால்வுகள். வெளியே முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. இன்ஜினியர் ஒரு வால்வுக்குள் குச்சியில் சுற்றிய பஞ்சை விட்டு எடுத்தார். பஞ்சு செங்கல் நிறத்தில் வந்தது.

"உள்ளே வளைவுல துரு. வெள்ளைத் துணி பூரா புள்ளி புள்ளியா வருது. முப்பது வால்வு இருக்கு. உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

கரண்ட் மாமாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. காரணம் அவருக்குத் தெரியாததல்ல. கரண்ட் மேடான இடத்தைத் தேடிப் போகும். விளிம்பில் தடியாக ஏறும். வளைந்த துவாரத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. தெரிந்தும், அது வரைக்கும் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருந்தார்.

"நாங்க செஞ்சு தரோம்" என்று பின்னறை வாசலிலிருந்து குரல் வந்தது. மச்சினிதான். "ஒரு வாரம் குடுங்க சார்."

இன்ஜினியர் போனதும் அவர் திரும்பினார். "எதை வச்சு செய்வே?"

"ஹைப்போபாஸ்பைட்டுன்னு ஒரு உப்பு, சுருக்கமா ஹைப்போ. அதை வச்சு. நிக்கல் கரைஞ்ச தண்ணியில அந்த உப்பைப் போட்டு, கொதிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் சூடாக்கினா, நிக்கல் தானா வந்து இரும்புல ஒட்டும். தண்ணி எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம் ஒட்டும்."

"வயர் இல்லாமலா?"

"வயர்ல நீங்க என்ன அனுப்புறீங்க மாமா? எலக்ட்ரான். அதையே இந்த உப்பு பக்கத்துல இருந்து குடுக்குது. தண்ணியில கரைஞ்ச நிக்கல் அதை வாங்கிட்டு உலோகமா மாறுது."

"காது குத்துறதுக்கு வேற ஆளைப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் தன் தொட்டிப் பக்கம் போய்விட்டார். ஆனாலும் பழைய வால்வுகளில் இருந்த முலாமை உரித்து, துருவைப் போக்கி, கழுவிக் கொடுத்தது அவர்தான். அந்த வேலையை இன்னொருவரை நம்பி விட அவருக்கு மனசு வராது.

வியாழக்கிழமை மச்சினி பிளாஸ்டிக் தொட்டியில் பச்சைக் கரைசலைச் சூடேற்றி ஆறு வால்வுகளைத் தொங்கவிட்டாள். அவற்றின் மேல் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. மத்தியானம் சாப்பிடப் போகும்போது, "சூட்டை மட்டும் பார்த்துக்குங்க மாமா. வேற எதையும் தொட வேண்டாம்" என்றாள்.

அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அரை மணி நேரம் பார்த்தார். குமிழி வந்ததே தவிர, அவர் கண்ணுக்கு வேலை நத்தை வேகத்தில் நடந்தது. மச்சினிக்கு ஒரு கை கொடுக்கலாமே என்று நல்ல எண்ணத்தில், ஹைப்போ டப்பாவைத் திறந்து இரண்டு குவளை அள்ளிப் போட்டார். இன்னும் ஒரு குவளையும் போட்டார்.

தொட்டி முழுக்கக் குமிழி பொங்கியது. 'ஆகா!' என்று அவர் மீசையைத் தடவுவதற்குள், கரைசல் கறுக்க ஆரம்பித்தது. கரிப்பொடி மாதிரி ஏதோ சுழன்று சுழன்று எழுந்தது.

"ஏம்மா! இங்க வா, சீக்கிரம் வா!"

மச்சினி கழுவாத கையோடு ஓடி வந்தாள். ஹீட்டரை அணைத்தாள், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டாள், வால்வுகளை வெளியே தூக்கினாள். இரண்டு பேரும் வாளி வாளியாகக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி அதை அடக்கினார்கள்.

"என்ன ஆச்சு?"

"தானா பொங்கிடுச்சு."

அவள் அவர் கையைப் பார்த்தாள். குவளை இன்னும் அங்கேயே இருந்தது.

"தானாவா?"

"மூணு குவளை" என்றார், தரையைப் பார்த்தபடி. "சீக்கிரம் ஆகட்டுமேன்னு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு சிரித்துவிட்டாள். "எலக்ட்ரான் குடுக்கிற உப்பு அளவுக்கு மேல இருந்தா, நிக்கல் இரும்பைத் தேடிப் போகுமா? நின்ன இடத்துலயே பொடியா விழும். போச்சு, மொத்தக் கரைசலும் வீண்."

கெட்ட கரைசலை இருவரும் கழிவுப் பீப்பாய்களில் நிரப்பி மூடி வைத்தார்கள். தொட்டி காலியானபோது கரண்ட் மாமா குனிந்தவர் நிமிரவில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியின் உட்புறம் முழுக்க நிக்கல். சுவரில், மூலையில், ஒட்டுப்போட்ட இடுக்கில்கூட. வடிகால் குழாயின் வளைவுக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவினார். வழுவழுவென்று இருந்தது. கரண்டே ஏறாத பிளாஸ்டிக்கில், அவர் விரல்கூட முழுசாகப் போகாத வளைவில், நிக்கல்!

"இங்கயும் இருக்கும்மா" என்றார், புதையல் கண்டவர் போல. "உள்ளே, திரும்புற இடத்துலயும் இருக்கு!"

"அதைத்தானே செவ்வாய்க்கிழமையிலிருந்து தொண்டைத் தண்ணி வத்தச் சொல்றேன்."

தொட்டியில் ஒட்டியதை அமிலம் ஊற்றிக் கரைக்க ஒரு முழு நாள் பிடித்தது. சனிக்கிழமை காலை புதுக் கரைசல் தயாரானது. இந்த முறை கரண்ட் மாமா முக்காலி போட்டுத் தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அரை மணிக்கு ஒரு தரம் மச்சினி கரைசலில் கொஞ்சம் எடுத்துச் சோதித்து அளவு சொல்ல, அவர் தராசில் நிறுத்து, தண்ணீரில் கரைத்து, சொட்டுச் சொட்டாக ஊற்றினார். ஒரு தரம் அவளே, "கொஞ்சம் கூட விடலாம் மாமா, பரவாயில்லை" என்றபோதுகூட, "நீ சொன்ன அளவுதான். பட்டது போதும்" என்று மறுத்துவிட்டார்.

புதன்கிழமை இன்ஜினியர் வந்தார். முப்பதில் கைக்கு வந்த ஒன்றைக் கரண்ட் மாமாவே எடுத்து ரம்பத்தில் நீளவாக்கில் இரண்டாக அறுத்தார். வெட்டுவாய் தவிர உள்ளே எங்கும் இரும்பு தெரியவில்லை. வாயிலிருந்து வளைவு தாண்டி மறுவாய் வரை ஒரே சீராக, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளி நிறம். இன்ஜினியர் பஞ்சைத் தேய்த்து எடுத்தார். பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

"யார் வேலை இது?"

"இவங்க வேலை" என்றார் கரண்ட் மாமா, மச்சினியைக் காட்டி. "நான் சும்மா உப்பு கரைச்சு ஊத்தினேன்."

"அதிகமாவும் ஊத்தினார்" என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வந்த மனைவியிடம், அவர் அறுத்த வால்வை நீட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். அவளோ வால்வைவிட அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள்.

"உள்ளே பாரு, உள்ளே பாரு!"

"பார்த்துட்டேன். சோறு ஆறுது, முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள் அவள்.