அக்காள் வாயைத் திறந்திருக்கிறாள்

1

இந்தக் கதை ஒரு வீட்டுச் சண்டையிலிருந்து வந்தது. என் அக்காள் மூன்று பேரிடம் போய் மூன்று முறை தேறினாள். எந்த வைத்தியம் பலித்தது என்று வீட்டில் மூன்று கட்சி. எனக்கு வாயைத் திறந்து கட்சி சேரத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தவிட்டுப் பானைக்குள் ஒரு நோட்டு ஒளித்து வைத்திருக்கிறேன். அதில் எழுதிப் பார்க்கிறேன்.

‘நான்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே ராஜாத்தி என்று ஒருத்தியைக் கதைக்குள் அனுப்புகிறேன். அக்காளுக்கு மாயக்காள் என்று பெயர் வைக்கிறேன்.

2

முப்பத்தாறாம் வருஷம் ஆனி மாதம் மாயக்காள் தேவதானப்பட்டிக்குத் தாய்வீடு வந்தாள். [வானம் இருண்டு கிடந்த— வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில்.] மேலே ஏலத்தோட்டத்தில், மலைக்காய்ச்சலுக்கு ஒன்றரை வயது மகனைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பேச்சு நின்றது. சோறும் நின்றது.

பிள்ளையின் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று ஆத்தா மொக்கம்மாள் சொல்லிவிட்டாள். இரக்கத்தில்தான் சொன்னாள். யார் எது கேட்டாலும் மகளுக்குப் பதிலாகத் தானே பதில் சொன்னாள்.

மாயக்காளின் புருஷன் தவசி மலையிலிருந்து சொல்லி அனுப்பினான்: “கார்த்திகை கழிஞ்சு வாரேன். அப்பவும் இப்படியே இருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. வேற பொண்ணு பாக்கச் சொல்லி எங்க வீட்டுல நெருக்குறாக.”

3

முதலில் மயிலாடும்பாறைக் கோடாங்கி ஒச்சாண்டி. உடுக்கை அடித்து, தோட்டத்து முனி பிடித்திருக்கிறது என்றார். அடுத்து வடுகபட்டி வைத்தியர் சின்னச்சாமி. நாடி பிடித்து, பித்தம் என்றார், கசாயம் கொடுத்தார். கடைசியாக ஆஸ்பத்திரி டாக்டரம்மா. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஒரு பாட்டில் சிவப்புத் தண்ணீர் தந்தார்.

ஒவ்வொரு தடவையும் மாயக்காள் ஒரு வாரம் சோறு தின்றாள், தலை சீவினாள், கோழியை விரட்டினாள். பிறகு பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

“உடுக்கைக்குத்தான் முனி இறங்குச்சு” என்றார் அப்பா மலைச்சாமி.

“இறங்குன முனி வடுகபட்டி வரைக்கும் நடந்து வந்து கசாயம் குடிச்சுச்சாக்கும்” என்றாள் ஆத்தா.

“ரெண்டும் இல்ல, பாட்டில் மருந்துதேன்” என்று பக்கத்து வீட்டு ஜக்கம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

4

மூன்று இடத்துக்கும் துணைக்குப் போய் மூலையில் உட்கார்ந்திருந்தவள் ராஜாத்தி. மூன்றையும் தனித்தனியாக எழுதிவைத்து, ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடிக்கத் தொடங்கினாள். உடுக்கையை அடித்தாள், மற்ற இரண்டு இடத்தில் அது இல்லாமலே அக்காள் தேறினாளே. கசாயத்தை அடித்தாள். பாட்டிலை அடித்தாள். முனி, பித்தம், நரம்பு மூன்றும் போயின. கடைசியில் எந்தப் பக்கத்திலும் அடிக்க முடியாமல் ஒரு இடம் நின்றது.

மூவரும் பிள்ளையின் பெயரைக் கேட்டிருந்தார்கள். மூன்று இடத்திலும் ஆத்தா முந்திக்கொண்டு பதில் சொல்ல வாயெடுத்திருந்தாள்.

“நீ சும்மா இரு தாயி. அது சொல்லட்டும்.” இது ஒச்சாண்டி.

“நாடி உனக்கா பாக்குறேன்? அவ வாயால வரட்டும்.” இது வைத்தியர்.

“நீங்க கொஞ்சம் பேசாம இருங்கம்மா. அவங்களே சொல்லுவாங்க.” இது டாக்டரம்மா.

பிறகு காத்திருந்தார்கள்.* வைத்தியர் எடுத்த மூக்குப்பொடியை விரலிலேயே வைத்திருந்தார். வெகுநேரம் கழித்து மாயக்காள் பெயரைச் சொன்னாள். அழுதாள். சரியாகிவிடும் என்று மூவரும் சொன்னார்கள்; சொன்னதை அவர்களே நம்பினார்கள்.

* ஒச்சாண்டி ஒரு சேவலும் கேட்டார். ஆனால் காத்திருந்த பிறகுதான் கேட்டார்.

[ஆகவே உடுக்கை, மருந்து எல்லாம் வெறும்— இல்லை, அதுவும் தப்பு. உடுக்கையை நம்பித்தானே அக்காள் ஒச்சாண்டி முன்னால் உட்கார்ந்தாள்? நம்பாத இடத்தில் யார் வாயைத் திறப்பார்கள்?]

5

கார்த்திகை கழிந்துவிட்டது. நாளை மறுநாள் தவசி வருகிறான். முடிவு எழுத வேண்டும்.

[தவசி வந்தான். மாயக்காள் சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் செம்பை நீட்டி]

[தவசி வந்தான். மாயக்காள் சுவரைப் பார்த்தே]

இரண்டையும் அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் அது அக்காளுக்குப் பதிலாக நான் சொல்லும் பதில். ஆத்தா வாயால் செய்வதை நான் பென்சிலால் செய்துகொண்டிருக்கிறேன்.

ராஜாத்திக்குப் பேச வராது. காத்திருக்க வரும். இந்த வீட்டில் அவள் அளவுக்குச் சும்மா இருக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

6

இன்று மத்தியானம் ஆத்தா, மாயக்காள், ராஜாத்தி மூன்று பேரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, மகன் பேரு என்னக்கா?”

“ஏண்டி கூறுகெட்டவளே, உனக்குத் தெரியாதாக்கும்? அவன் பேரு—”

“நீ சும்மா இரு ஆத்தா. அக்கா சொல்லட்டும்” என்றாள் ராஜாத்தி.

இல்லை. நான் சொன்னேன்.

ஆத்தா என்னையே பார்த்தாள். பிறகு, இந்த வீட்டில் முதல் முறையாக, வாயை மூடினாள். அக்காள் கையில் பாதி உரித்த மொச்சைக்காய் அப்படியே நின்றது. உதடு பிரிந்தது.

இதற்கு மேல் எழுத மாட்டேன். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனாலும் எழுத மாட்டேன். கீழே அரைப் பக்கம் அக்காளுக்கு விட்டிருக்கிறேன். நாளைக்கும் கேட்பேன். தவசி மச்சான் வந்தால் அவர் எதிரிலேயே கேட்பேன், அவரும் சும்மா இருக்கத்தான் வேண்டும். இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு முடிவு நாக்கு நுனி வரை வந்திருக்கும். பொறுங்கள்.

அக்காள் வாயைத் திறந்திருக்கிறாள்.