ஆகஸ்ட் மாதத்து ஐஸ்

ரோக்ஸான் டெம்சுக் அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். தலைவலி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஞாயிறு மதியம் சகோதரிகள் இருவரும் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை சாப்பிடுவது கார்வில் ஊருக்கே தெரிந்த சமாசாரம். போகாவிட்டால், ஏன் போகவில்லை என்று திங்கட்கிழமை காப்பிக் கடையில் நாலு பேர் கேட்பார்கள். அந்தக் குளிர்காலத்தில் அவளிடம் ஊர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளே போதும் போதும் என்றிருந்தது.

மார்ச் மாதம். தெருவோரத்துப் பனி கறுத்துக் கிடந்தது. அக்கா கோலீனின் சமையலறையில் வெங்காயம் வெண்ணெயில் வதங்கும் வாசனையோடு, கீழ்த்தளத்திலிருந்து வியர்வை நாற்றமும் ஏறி வந்தது. ஈவார்ஸின் ஆட்டச் சட்டைகளும் கால் தடுப்புகளும் அங்கே கொடியில் தொங்கின. அவற்றைக் காயவைக்கும் மின்விசிறி இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும்.

ஈவார்ஸ் லாட்வியாவிலிருந்து வந்தவன். ரேவன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். அந்த அணியில் எல்லோருமே இருபது தாண்டாத வெளியூர்ப் பிள்ளைகள்தான். விளையாட்டுக் காலம் முழுவதும் ஊரார் வீடுகளில் ஆளுக்கொருவராகத் தங்கி, அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அந்த வீட்டுக் குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த வீடு என்று பார்த்துப் பேசி முடிப்பது கோலீனின் வேலை. கணவர் இறந்து, சொந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலைக்குப் போன பிறகு, அந்த வேலையும் கீழே ஓடும் அந்த மின்விசிறிச் சத்தமும்தான் அவளைக் காலையில் எழுப்பின.

"ராக்ஸி, உன் தெருவுல ஃபெடோரக் வீட்டு மாடி ரூம் ரெண்டும் காலியாத்தானே கெடக்கு?" கோலீன் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "ஆகஸ்ட்ல ரெண்டு பசங்கள வெச்சுக்குவாங்களான்னு கேட்டுச் சொல்றியா?"

ரோக்ஸானின் முள்கரண்டி நின்றது. "எந்த ஆகஸ்ட்?"

"வர்ற ஆகஸ்ட்தான், வேற எந்த..."

கோலீனும் நிறுத்திவிட்டாள். வெங்காயம் மட்டும் சடசடத்தது.

குளிர்காலம் முழுக்க ரேவன்ஸ் அணியின் முதலாளி லைல் ப்ரோக்டர் ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தான். மே மாதம் அரங்கத்தின் குத்தகை முடிகிறது. முடிந்ததும் அணியைத் தூக்கிக்கொண்டு லோர்ன் நகரத்துக்குப் போய்விடுவான். அங்கே புது அரங்கம் கட்டித் தருகிறார்கள். இங்கேயே இருக்க வேண்டுமென்றால் ஐஸ் உறைய வைக்கும் பழைய இயந்திரங்களை நகராட்சி தன் செலவில் மாற்ற வேண்டும். அரங்கத்தில் விற்கும் பீர் வருமானமும் கார் நிறுத்தும் வருமானமும் அவனுக்கே வர வேண்டும். அந்தப் பணத்துக்கு நகராட்சிக்கு இருந்தது ஒரே வழி. கிழக்குப் பகுதி நீச்சல்குளத்தை இழுத்து மூடுவது. ரோக்ஸான் அந்தப் பகுதியின் கவுன்சிலர். குளத்தை மூட விடமாட்டேன் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டாள். லைலோடு பேசும் குழுவுக்குத் தலைவியும் அவள்தான்.

ஊரைவிட்டுப் போகிறவன் ஆகஸ்டுக்குப் படுக்கை தேட மாட்டான்.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் கோலீன். "நீ ஒண்ணும் கேக்கல."

"கோலீன், இது எவ்ளோ பெரிய..."

"என் அடுப்படியில நீ கவுன்சிலர் கிடையாதுடி. என் தங்கச்சி. வெளிய மூச்சு விட்டா இந்த வேலையும் கிடையாது, ஈவார்ஸும் கிடையாதுன்னு லைல் என் மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கான். இப்ப சொல்லு, கேட்டியா?"

"கேக்கல."

"சத்தமா."

"கேக்கலன்னுதான் சொல்றேனே! அந்தப் புளிச்ச க்ரீமை இந்தப் பக்கம் தள்ளு."

கிளம்பும்போது கோலீன் வழக்கம்போல ஒரு டப்பா பெரோகியை அவள் கையில் திணித்தாள். "வெள்ளிக்கிழமை மேட்ச்சுக்கு வந்துரு. நான் உள்ள போய் உக்காந்தப்புறம் வந்தா போதும், ஓரத்துல இருக்கிறவ நீதானே."

அரங்கம் திறந்த வருடம் அவர்களுடைய அப்பா பிடித்த இரண்டு இருக்கைகள் அவை. ஒன்று நடைபாதை ஓரம், ரோக்ஸானுக்கு. அதை அடுத்தது தூணை ஒட்டி, கோலீனுக்கு. கார்வில்லில் இப்படிப்பட்ட இருக்கையை யாரும் விடமாட்டார்கள். ஒரு வருடம் பணம் கட்டாமல் விட்டால் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். பிறகு ஆயுசுக்கும் கிடைக்காது.

அந்த வாரம் முழுக்க ஊர் ரோக்ஸானை விடவில்லை. வாசல் புல்தரையில் யாரோ ஒரு அட்டையை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள்: ரேவன்ஸ் போனால் நீயும் போ. நகராட்சிக்கு முன்னால், இஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க அவள் காரில் செருகியிருந்த ஒயரை எவனோ பிடுங்கிப் போட்டிருந்தான். வண்டி கிளம்பவில்லை. உதவிக்கு வந்த பெட்ரோல் பங்க் ஆள் சிரித்துக்கொண்டே, "லோர்ன்ல இந்தக் குளிர் இல்லையாம் கவுன்சிலர்," என்றான்.

மூடிய கதவுக்குள் கவுன்சில் கூடியபோது மேயர் வெண்டெல் மேஜையில் கைகளை விரித்தார். "கையெழுத்துப் போட்டுரலாம்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க ராக்ஸி. அவன் சும்மா பூச்சி காட்டுறான்னு நீ மட்டும்தான் சொல்ற. எத வெச்சு சொல்ற?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. நகராட்சி வக்கீல் நாசிர் பேனாவோடு அவளையே பார்த்தான். சொன்னால் அக்கா போச்சு. சொல்லாவிட்டால் குளம் போச்சு.

"மனசுல படுது," என்றாள்.

"மனசுல படுறத வெச்சு நான் ஊர்ல தலை காட்ட முடியாதும்மா."

அவர் ஒரே ஒரு பேச்சுவார்த்தைக்கு மட்டும் நேரம் கொடுத்தார். அதிலும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் லைல் கேட்டதற்கெல்லாம் சரி.

வெளியே வந்தபோது அவள் கைபேசி அடித்தது. விவசாயக் கண்காட்சிக் குழுவின் ஓர்வில். வருடா வருடம் இதே மாதத்தில் இதே கேள்விக்காகக் கூப்பிடுகிற மனிதர். ஆகஸ்டில் பழைய ட்ராக்டர்களை நிறுத்திக் காட்ட அரங்கத்தின் தரை கிடைக்குமா? வருடா வருடம் அவள் சொல்லும் பதிலும் ஒன்றே: ஆகஸ்டில் ரேவன்ஸ் பயிற்சி ஆரம்பிக்கிறது, வெயில் கொளுத்தினாலும் அவர்களுக்கு ஐஸ் போட்டாக வேண்டும்.

"இந்த வருஷமாச்சும் ஒரு வழி பண்ணக் கூடாதா ரோக்ஸான்? அவனுங்கதான் போறானுங்களாமே!"

ரோக்ஸான் படியிலேயே நின்றுவிட்டாள். இதில் கோலீன் இல்லை. பெரோகி இல்லை. ஃபெடோரக் வீட்டு மாடி இல்லை. இது ஓர்விலின் கேள்வி, எல்லோருக்கும் தெரிந்த கேள்வி. இதைக் கேட்டால் வாக்கு மீறியதாகாது. அப்படித்தான் அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

லைல் ப்ரோக்டர் பேச்சுவார்த்தைக்கு வரும்போதெல்லாம் எதிர்த்தரப்புக்கும் சேர்த்து டோனட் வாங்கி வருவான். ஊரில் பாதிப் பேருக்கு அவன்தான் பிக்கப் வண்டி விற்றிருந்தான்.

"லோர்ன்ல அரங்கத்துக்கே என் பேர வைக்கிறாங்களாம் ராக்ஸி," என்று நாற்காலியில் சாய்ந்தான். "நீங்க ஒரு கக்கூஸுக்குக் கூட வைக்க மாட்டீங்க."

"கேட்டிருந்தா வெச்சிருப்போமே லைல். கக்கூஸ்னா கவுன்சில்ல ஒருத்தர் கூட எதிர்த்திருக்க மாட்டாங்க."

அவனே முதலில் சிரித்தான். ரோக்ஸான் சிரிக்கவில்லை.

"சரி, போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. நாங்களும் எங்க பொழப்பப் பாக்கணுமில்ல? ஆகஸ்ட் மாசத்த ட்ராக்டர் கண்காட்சிக்குக் குடுக்கப்போறோம். நாளைக்கே ஒப்பந்தம். ஐஸ் போடுறது இனிமே அக்டோபர்லதான்."

"ஆகஸ்ட்டா? அதெப்படி? ஆகஸ்ட்ல என் பயிற்சி முகாம் இருக்..."

வார்த்தை பாதியில் அறுந்தது.

நாசிர் பேனா மூடியை மெல்லக் கழற்றினான். லைலின் வக்கீல் டோனட் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். லைலின் கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு காது வரைக்கும் ஏறியது. பிறகு மெதுவாக இறங்கியது. அவன் முன்னால் குனிந்து, மிகவும் பிரியமான குரலில் கேட்டான்:

"ஞாயித்துக்கிழமை பெரோகி நல்லா இருந்துச்சா, ராக்ஸி?"

இடைவேளையில் அவன் அவளைத் தாழ்வாரத்தில் மடக்கினான். குடிநீர்க் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே அவள் நின்றிருந்தாள்.

"இயந்திரத்துல பாதிச் செலவு என்னுது. பீரும் ஊருக்கே இருக்கட்டும். தோத்துட்டேன், ஒத்துக்கறேன்," என்றான். "கார் நிறுத்தற காச மட்டும் என் பக்கம் தள்ளிரு. கோலீன் வேலை அப்படியே இருக்கும். அந்த லாட்வியப் பையனும் அங்கேயே இருப்பான். யாரு என்ன சொன்னாங்கன்னு எனக்கு ஞாபகமே வராது."

"அவ ஒண்ணும் சொல்லல."

"நான் கேக்கவே இல்லையே ராக்ஸி."

சற்று முன்புவரை அவன் குடுமி அவள் கையில் இருந்தது. இப்போது அவள் குடுமி அவன் கையில். கார் நிறுத்தும் காசு போனால் நீச்சல்குளத்தைக் குளிர்காலத்தில் திறந்து வைக்க வழியில்லை. அதுமட்டுமல்ல. இன்றைக்கு இதைக் கொடுத்தால், ஊர்ப் பணத்தில் அக்காவைக் காப்பாற்றினாள் என்கிற விஷயம் லைலின் சட்டைப் பையில் கிடக்கும். அடுத்த முறை அவனுக்கு ஏதாவது வேண்டியிருக்கும்போது அதை வெளியே எடுப்பான். அதற்கடுத்த முறையும் எடுப்பான்.

கொடுக்காவிட்டால்? கோலீன் கீழ்த்தளத்து மின்விசிறியை நிறுத்துவது அவள் கண்ணுக்குள் வந்தது.

நாசிர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "ஆரம்பிக்கலாமா மேடம்?"

"ஆரம்பிக்கலாம்," என்றாள் ரோக்ஸான். லைலைப் பார்க்காமலே சொன்னாள்: "கார் நிறுத்தற காசு ஊருக்குத்தான்."

பத்து வருடக் குத்தகை. மாலைக்குள் கையெழுத்தானது. மேயர் அவளைக் கட்டிப்பிடித்தார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினாள். லைலுக்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும், எப்படிச் சொல்வது என்பதைப் போகிற வழியில் யோசித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

லைலின் போன் அவளை முந்திவிட்டது.

கோலீன் வீட்டு வாசலில் யாருடைய பிக்கப்போ நின்றது. ஈவார்ஸ் தன் பெரிய பைகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றிக்கொண்டிருந்தான். ரோக்ஸானைப் பார்த்ததும் என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டான். கோலீன் மேல்சட்டைகூடப் போடாமல் அந்தக் குளிரில் படியில் நின்றாள்.

"கேக்கலன்னு சொன்ன," என்றாள்.

"உன் பேச்சையே நான் எடுக்கல கோலீன். சத்தியமா. ட்ராக்டர் கண்காட்சியப் பத்தித்தான்..."

"ட்ராக்டர்." கோலீன் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "ஆகஸ்ட்ல போய்க் குத்தினா அவனுக்கு வலிக்கும்னு உனக்கு யாருடி சொன்னது? ட்ராக்டரா?"

கோலீன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வீட்டுக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. எப்போதும் வருகிற அந்த விர்ர் சத்தமும் இல்லை.

கோடை வந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமைகளும் வந்து போயின. ரோக்ஸான் போன் செய்தால் எடுப்பாரில்லை. வாசலில் வைத்துவிட்டு வந்த பழக் கேக் அப்படியே மறுநாள் அவள் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தது. குளத்தில் கிழக்குப் பகுதிக் குழந்தைகள் கத்திக் குதித்தார்கள். ஆகஸ்ட் வெயிலில் அரங்கத்துக்குள் ஐஸ் போட்டார்கள். ஓர்விலுக்கு இந்த வருடமும் தரை கிடைக்கவில்லை.

முதல் ஆட்டத்தன்று ரோக்ஸான் சீக்கிரமே போனாள். தூணை ஒட்டிய இருக்கை காலியாக இருந்தது. இருக்கையைக் கோலீன் விட்டுவிட்டாளோ? விட்டிருந்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். விடாவிட்டால் பத்து வருடத்துக்கு இங்கே பக்கத்தில்தான் உட்கார வேண்டும். இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

விளக்குகள் மங்கும் நேரத்தில் கோலீன் வந்தாள். ரோக்ஸான் எழுந்து வழிவிட்டாள். கோலீன் அவளைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்து, கோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஐஸைப் பார்த்தாள். குறுகிய இருக்கைகள். இருவரின் முழங்கைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. யாரும் எடுக்கவில்லை.

ஈவார்ஸ் கோல் முன்னால் வந்து நின்றான். வழக்கம்போல இந்தப் பக்கம் திரும்பி, மட்டையால் கம்பத்தை இரண்டு தட்டுத் தட்டினான். அது கோலீனுக்கு. கோலீன் கையை உயர்த்தினாள். ரோக்ஸானின் கையும் பழக்கத்தில் பாதி உயர்ந்து, மறுபடி மடிக்கு வந்தது.

முதல் இடைவேளையில் ஆட்கள் படியிறங்கி வந்து அவள் தோளைத் தட்டினார்கள். "அணியக் காப்பாத்திட்டீங்க கவுன்சிலர்!" லோர்ன் குளிரைச் சொல்லிக் கிண்டலடித்த பெட்ரோல் பங்க் ஆள் ஒரு பீரையே நீட்டினான். கோலீன் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் வழி கிடையாது. வெளியே போக வேண்டுமென்றால் தங்கையிடம் கேட்டாக வேண்டும். இடைவேளைக்கு இடைவேளை காப்பி குடிக்கிறவள், இரண்டு இடைவேளையும் தொண்டையை நனைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கும் ஒரு காப்பி வாங்கிட்டு வரவா?" என்று ரோக்ஸான் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். கேட்டது காற்றோடு போயிற்று.

ரேவன்ஸ் ஜெயித்தது. கூட்டம் கலைந்தது. ரோக்ஸான் எழவில்லை. எழுந்தால் கோலீன் ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விடுவாள். உட்கார்ந்திருக்கும் வரை அவளால் போக முடியாது. இது நியாயமில்லை என்று ரோக்ஸானுக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். கீழே ஐஸை மழிக்கும் வண்டி சுற்றிச் சுற்றி வந்து முடித்தது. எதிர்ப்பக்கத்து விளக்குகள் அணைந்தன.

கோலீன் கோட்டை மாட்டிக்கொண்டாள். எழுந்து நின்றாள். ரோக்ஸானின் முழங்கால்கள் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. மார்ச் மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கோலீன் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"காலை எடுங்க, கவுன்சிலர்," என்றாள்.